அண்ணன் காய்ச்சச் சொன்ன பால்

அம்மா அந்த வீட்டில் குடியிருந்தவரைக்கும் அதன் மேல் என் அண்ணனுக்கோ தம்பிக்கோ பாசம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மழைக்கு ஒழுகுகிறது என்று அம்மா போனில் சொன்னால், வாளியை வைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அம்மா போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதே அண்ணன் கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டு, அப்பா வேர்வை சிந்திக் கட்டின வீடு என்று கண் கலங்கினார். அப்பா வேர்வை சிந்தியது பூ மார்க்கெட்டில். வீட்டைக் கட்டியது அகரத்துக் கொத்தனார். இதைச் சொல்வதற்கு அது நேரமில்லை என்று நானும் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் சென்னைக்கும் தம்பி கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறினார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. பூட்டுகிற காரியம் திண்டுக்கல்லில் சட்டென்று நடந்துவிடும். திறப்பதற்குத்தான் ஆளாளுக்கு யோசனை. நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி, விளக்கேற்றி, மோட்டார் போட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவேன். எங்கள் தெருக்களில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டு போரில் மட்டும் தண்ணீர் இளநீர் மாதிரி வரும். அதைக் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, நாலு தெரு தள்ளியிருக்கும் என் வாடகை வீட்டுக்கு வந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பேன்.

தை மாதத்தில் எங்கள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தாலி கட்டினவர் அல்ல, வாடகை வாங்குகிறவர். மகள் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடப் போகிறாளாம். ஆனி, ஆடியெல்லாம் வீடு மாற்ற ஆகாது, அதனால் வைகாசிக்குள் போய்விடுங்கள் என்று மாதக் கணக்குப் பார்த்து நல்லபடியாகத்தான் சொன்னார். துரத்துவதிலும் ஒரு மரியாதை. தாலி கட்டின வீட்டுக்காரரோ, அது உங்க வீட்டு விசயம், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று திறந்த வாயாலேயே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் காலி பண்ணவேண்டியதை அண்ணன் தம்பி இருவருக்கும் அன்றைக்கே போனில் சொன்னேன். அடடா என்றார் அண்ணன். நல்ல வீடாப் பாருக்கா என்றான் தம்பி. சாவி என் இடுப்பில் இருக்கிறது. அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கும் எனக்கு இருக்கிறது. நீயே அங்கே போயேன் என்று ஒரு வாய் வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் நானாக ஏன் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு. அந்த வீம்பில் மாசி போய் பங்குனியும் வந்துவிட்டது.

அதற்குள் வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று அவர்களுக்குள் பட்டிமன்றம். அண்ணன் விற்கிற கட்சி. கன்னிவாடியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மகன் படிப்புக்காக டவுனில் வீடு தேடி வந்தார். கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பார்கள். அவர் எண்பது சொன்னார். சமையல்கட்டு இருட்டு, மாடிப்படி குறுகல், வாசலுக்கு நேரே கரண்டுக் கம்பம். எல்லாம் சொல்லி முடித்து, போர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அண்ணனுக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. உடனே சரி என்கிறான் என்றால் நாம் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தமாம். விலையை ஏற்றினார். தோப்புக்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்தவர் குறைத்துக் கேட்டார். அதற்கு அண்ணன் சொன்னது, அப்பா வேர்வை சிந்திக் கட்டின வீட்டைக் கேவலப்படுத்துகிறான். ஆக, சரி என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம்.

தம்பி வாடகைக் கட்சி. அவன் கேட்டது ஒரு சின்னக் குடும்பம். பிள்ளைகள் சுவரில் கிறுக்கக் கூடாது. தண்ணீர் நிறையப் புழங்கக் கூடாது. முக்கியமாக, கவுச்சி சமைக்கக் கூடாது. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் வீட்டுக்குக்கூட வராமல் நேரே பிரியாணிக் கடைக்குப் போகிற பிள்ளை சொல்கிற பேச்சு இது. திண்டுக்கல்லில் சைவக் குடித்தனம் தேடுவதற்குப் பதிலாகக் கடலில் போய் நல்ல தண்ணீர் தேடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்காவுக்கு எப்பப் பாத்தாலும் கிண்டல் என்றான்.

அவர்களுடைய கேள்விகளில் பெரிய கேள்வி வேறு. யார் பேரைச் சொன்னாலும் அண்ணன் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம்?" என்பதுதான். ஊர்ப் பேரைக் கேட்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவர் சாதியைக் கேட்கிறார். நேராகக் கேட்டால் அசிங்கம், திசையைக் கேட்டால் நாகரிகம். தோல் வியாபாரம் பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்து வீட்டைப் பார்த்தார். பேச்சில் அப்படி ஒரு மரியாதை. அந்தம்மா உள்ளே வரும்போது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார். அண்ணனுக்குப் போன் போட்டேன். எந்தப் பக்கம் என்றார். பேகம்பூர்ப் பள்ளிவாசல் பக்கம் என்றேன். வீடெல்லாம் தோல் வாசம் வருமே என்றார். தோல் வாசம் ஆகாத மனுசர் இடுப்பில் கட்டுகிற பெல்ட் என்ன வாழைநாரில் செய்ததா? அவரும் தோலை எங்கள் கூடத்திலா காயப்போடப் போகிறார்? அந்தத் தம்பதியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், வீட்டை விற்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அனுப்பினேன். எனக்கே கூசியது.

கடைசியில் இருவரும் சேர்ந்து ஒத்திக்கு விடலாம் என்றார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவைக்கிற ஏற்பாடு. பிறகு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று யாருக்கோ உறைத்ததும் அதையும் ஒத்திப் போட்டார்கள். தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான் என்கிற கதைதான்.

சித்திரை பிறந்தது. வாடகை வீடு தேடித் தேடி என் கால் வீங்கிவிட்டது. வீம்பை மடித்து வைத்துவிட்டு நானே அண்ணனைக் கூப்பிட்டேன். சின்னக் குடும்பம், நாங்கள் இரண்டே பேர். சுவரில் கிறுக்குகிற வயசு போய்விட்டது. ஊர் வாடகையைத் தந்துவிடுகிறோம். எந்தப் பக்கம் என்று கேட்டால் உங்கள் பக்கம்தான். இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவரிடம் பதில் தயாராக இருந்தது. அதைத் தையிலிருந்தே வைத்திருந்தார் போல.

"இங்க பாரு பாப்பா, தப்பா எடுத்துக்காத. வெளியாளுன்னா நாளைக்கே காலி பண்ணச் சொல்லலாம். நீ வந்து உக்காந்துட்டா உன்னைக் காலி பண்ணச் சொல்ல முடியுமா?"

நான் போனை வைத்துவிட்டேன். தம்பியிடம் சொன்னால், அண்ணன் சொல்றதும் ஒரு வகையில நியாயந்தானேக்கா என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீட்டில், யாரென்றே தெரியாத ஒருத்தர் இருக்கலாம், நான் இருக்கக் கூடாது. காரணம், எனக்கு உரிமை இருக்கிறதாம். உரிமை இல்லாமல் பிறந்திருந்தால் சாவியோடு வீடும் கிடைத்திருக்கும். அன்று ராத்திரிக்குச் சோறும் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்காமலே ரெண்டு தரம் ரசம் கேட்டார்.

வைகாசி பிறந்ததும் அண்ணனே கூப்பிட்டார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரலில் பழைய பாசம் சொட்டியது. ஜோசியரைப் பார்த்தாராம். வீடு அடைந்தே கிடப்பதால்தான் எதுவும் படியவில்லையாம். விற்கிறதோ, வாடகைக்குப் போகிறதோ, முதலில் அடுப்பெரிய வேண்டுமாம். "நல்ல முகூர்த்தத்துல அங்க பால் காய்ச்சணுமாம். அந்த வீட்டுல பொறந்த பொண்ணு, புருசனோட போயிக் காய்ச்சணும்னு சொல்றாக. நாலு பேரைக் கூப்புட்டுக் குடுத்துரு. உன்னைய விட்டா யாரு இருக்கா?" என்றார். காலி பண்ணச் சொல்ல முடியாதவளை அடுப்புப் பற்றவைக்கக் கூப்பிடலாம் போலிருக்கிறது.

சரிண்ணே என்றேன். நல்ல தங்கச்சி.

எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சினால் குடி வந்தாயிற்று என்று அர்த்தம். எந்தக் குடித்தனக்காரரும் சட்டி பானை ஏற்றுமுன் செய்கிற முதல் காரியம் அதுதான். ஜோசியரைத் தேடி அலைந்த அவசரத்தில் அண்ணன் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அவர் சொன்ன முகூர்த்தத்திலேயே உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடத்தோடு வலது காலை எடுத்து வைத்தேன். பின்னாலேயே என் வீட்டுக்காரர், தலையில் பாயும் தலையணையுமாக. தலையணை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனுசர்.

பால் நுரைத்து வழிந்தது. தெருவையே கூப்பிட்டு டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா பாலைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியாத்தா? இப்பத்தான் இந்த வீடு வீடா இருக்கு" என்றார். ஆமாங்க்கா, வந்துட்டேன் என்றேன். நான் சொன்னது வந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அப்போதுதான் எனக்கும் அது உறுதியானது.

எல்லோரும் போனபின் அண்ணனே கூப்பிட்டார்.

"பால் நல்லாப் பொங்குச்சாத்தா?"

"பொங்குச்சுண்ணே."

பால் எந்தத் திசையில் பொங்கி வழிந்தது என்பதையும் ஜோசியர் கேட்டுவரச் சொல்லியிருப்பார் போல. வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்ணே" என்றேன். "சாமான் வண்டி வாசல்ல வந்து நிக்குது. செத்த நேரம் கழிச்சுப் பேசுறேன்."