நல்ல குடித்தனக்காரர்கள்

பழைய வீட்டு மாடியில் குடியிருக்கும் அவளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

புதுச்சேரி டவுனில் ஒரே வீட்டில் அவள் மாடியிலும் நாங்கள் கீழேயும் வாடகைக்கு இருந்தோம். வார இறுதியில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்ற ஆசை வந்ததும், பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கும் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் காலி பண்ணச் சொன்னார். நாங்கள் தயங்கினோம். மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார். அப்புறம் ரிப்பேர் என்று ஆளை விட்டு இரண்டு கழிவறைக் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு நான் புடவையைத் திரையாகக் கட்டினேன்.

அவள் கோயிலில் பூசைப் பாட்டுப் பாடுகிறவள். வாயைத் திறந்தால் தெருவே கேட்கும்.

"கோர்ட்டுல இலவசமா வக்கீல் வச்சிக் குடுக்குறாங்களாம்க்கா. கோர்ட்டு உத்தரவு இல்லாம நம்மள வெளிய தள்ள முடியாதாம். நீயும் வா, ரெண்டு பேருமா கேஸ் போடலாம்."

"கோர்ட்டுலாம் நமக்கெதுக்குடி? நாளைக்கு வேற எடத்துல வீடு கேட்டா பேர் கெட்டுடும்" என்றேன்.

அரியாங்குப்பத்தில் வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினோம். ஆணி அடித்த ஓட்டையில்கூட சுண்ணாம்பு பூசி, தரையைக் கழுவிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். "நல்ல குடும்பம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அவள் தனியாகவே வழக்குப் போட்டாள். தண்ணீர் வந்தது. கதவு வந்தது. வழக்கு முடியும்வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று தடையும் வந்தது. வீட்டுக்காரர் தெருவெல்லாம் அவளைச் சண்டைக்காரி என்று சொல்லித் திரிந்தார். அந்தப் பெயர்மீதுகூட எனக்குப் பொறாமைதான்.

ஆற்றுப்பாலத்து நெரிசலில் நசுங்கி நான் டவுனில் ஜவுளிக்கடை வேலைக்கு வரும்போது, அந்த மாடிக் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருக்கும். அவள் பிள்ளை நடந்தே பள்ளிக்கூடம் போகிறது. "என்னக்கா, நல்லாருக்கியா?" என்று மேலிருந்து கேட்பாள். நல்ல மனசோடுதான் கேட்கிறாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவள் கேஸ் தோற்றுப்போனால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போன வாரம் அரியாங்குப்பத்து வீட்டுக்காரம்மா வந்து, மகனுக்குக் கல்யாணம், வீட்டை உடனே காலி பண்ணுங்கள் என்றார்.

"திடீர்னு சொன்னா நாங்க எங்கம்மா போறது?"

அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"ஒங்கள வைக்கிறதுக்கு முன்னாடி பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விசாரிச்சனே. தங்கமான குடும்பம், போகச் சொன்னா மறுபேச்சு பேசாம போயிடுவாங்கன்னு சொன்னாரு. அதனாலதான ஒங்களுக்கு வீடு குடுத்தேன்."