கௌரிக்கு வர வேண்டிய கழுநீர்

ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குப் பாஞ்சாலியை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அவள் குரலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். புருஷன் இறந்தபின் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு மகன் முகேஷைப் படிக்கவைத்து, பீன்யாவில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டவள். சண்டை போடக் கூசமாட்டாள். ஆனால், ‘இதைக் கொடு’ என்று ஒருவரிடமும் போய் நின்றதில்லை. அந்த வீம்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நிற்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. சோற்றுக்கு அரிசி கழுவிய கழுநீரை எல்லா வீட்டிலும் பழைய பெயிண்ட் டப்பாவில் ஊற்றி, காய்த் தோலையும் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். பாஞ்சாலி எடுத்துப்போய்த் தன் வீட்டு வாசல் தொட்டியில் கொட்டி, தவிடும் பிண்ணாக்கும் கலப்பாள். அவள் மாடு கௌரிக்கு அதுதான் சாப்பாடு, குடிதண்ணீரும் அதுதான். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் புல்வெளிக்கு எங்கே போவது? சொல்லப்போனால் கௌரியை வளர்த்தது சந்துதான்.

பாஞ்சாலி வீட்டை ஒட்டி ஒரு நீளச் சுவர். அதன் அடியில் இருந்த குப்பைமேட்டோடு அவள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தாள். போன வருஷக் கடைசியில் மமதா என்ற ஓவியர் அந்தச் சுவரைத் தேடி வந்தார். கன்னடக்காரர், ஓவியக் கல்லூரியில் பாடம் எடுப்பவர், தமிழும் ஓரளவு பேசுவார். சுவரில் தான் மட்டும் வரையப் போவதில்லை, சந்தே சேர்ந்து செய்யும் கலை இது என்றார். வீட்டுக்கு ஒரு உடைந்த குடமோ டப்பாவோ கொண்டுவந்து, வண்ணம் பூசி, மண் நிரப்பி, செடி வைத்துச் சுவரில் மாட்ட வேண்டும். மமதா அவற்றுக்கிடையே வேர்களை வரைந்தார். ஒரு வீட்டுச் செடியின் வேர் அடுத்த வீட்டுச் செடியின் வேரோடு போய்ப் பின்னிக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் அந்த வீட்டுக்காரர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியதும் சந்துக்குத் தலைகால் புரியவில்லை. குப்பை போன சந்தோஷத்தில் பாஞ்சாலி எல்லோருக்கும் முன்னால் நின்று மண் சுமந்தாள்.

அப்புறம் கோடை வந்தது. போர்வெல் வற்றியது, குழாயில் காற்றுதான் வந்தது. சுவரின் திறப்பு விழாவுக்குள் செடிகள் கருகிவிடும், இத்தோடு நிறுத்திவிடலாமா என்று மமதா ஒரு மாலை எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டார். எழுந்து நின்றவள் பாஞ்சாலிதான்.

“கழனித்தண்ணி கீதே மேடம். எல்லாரும் அதுல கொஞ்சம் செடிக்கு ஊத்தட்டும். மீதி என் மாட்டுக்கு வரட்டும்.”

கைதட்டினார்கள். மமதா அவளைப் படம் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் எழுதிய செடி வாடினால் போகிற வருகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்களே. ஆகவே முதலில் பாதித் தண்ணீர் சுவருக்குப் போனது, பிறகு முக்கால், பிறகு முழுதும். எதிர்வீட்டு ரத்தினம்மாள், பாஞ்சாலிக்கு உயிர்ச் சினேகிதி, அவள் வாசலிலும் டப்பா காணாமல் போனது. சுவர் பச்சைப் பசேலென்று இருந்தது. பாஞ்சாலி பெயருக்கு நேரே மட்டும் ஒரு காய்ந்த குச்சி. அவள் வீட்டுத் தண்ணீர் மாட்டுக்குப் போனது. அவளைச் சோம்பேறி என்று கேலி வேறு செய்தார்கள்.

கௌரி நிறைசினை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. டேங்கர் தண்ணீர் வாங்கிப் பார்த்த முகேஷ், கட்டுப்படியாகாமல், ஊருக்கு வெளியே நெலமங்கலா பக்கம் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான்.

“கன்னு போட்டதும் குட்த்துடலாம்மா. அங்க புல்லும் தண்ணியும் கீது. இங்க அத்த காயவச்சுக் கொல்றோம்.”

பாஞ்சாலி வீடு வீடாகப் போய்க் கழுநீர் கேட்டிருக்கலாம். யோசனை சொன்னவள் அவளே, கைதட்டு வாங்கியவளும் அவளே. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? தொட்டி காய்ந்து கிடப்பதைச் சந்து முழுக்கப் பார்த்தது. பார்த்துக்கொண்டே சுவருக்கு ஊற்றியது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை திறப்பு விழா. அன்று காலையிலேயே மாட்டை ஏற்ற வண்டி வருவதாக ஏற்பாடு. இரண்டு நாள் முன்பு கௌரி கன்று போட்டாள்.

கன்று பிறந்தால், கழுநீர் தருகிற வீடுகளுக்கெல்லாம் பாஞ்சாலி சீம்பால் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். இந்தத் தடவை கொடுக்கமாட்டாள், கொடுத்தால் அவள் பாஞ்சாலியே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய சீம்பாலைக் கிண்ணங்களில் வைத்து எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள்.

ரத்தினம்மாள் கை நீட்டவில்லை. “நான்தான் இப்ப ஒண்ணும் குடுக்கறதில்லியே பாஞ்சாலி.”

“இத்தினி வருசம் குட்த்தியே. நாளைக்கு அவ போறா. கடனோட அனுப்ப மனசு வர்ல.”

கிண்ணத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்கள், அது பழகியது. பல வீடுகளில் அந்தச் சீம்பால் வெகுநேரம் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

ஞாயிறு காலை மமதா ஏணியில் நின்று சுவருக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் பெண்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வரவும், செடிக்குத்தான் என்று ஏணியை நகர்த்தி வழிவிட்டார். அவர்கள் சுவரைக் கடந்து போனார்கள். முதலில் ரத்தினம்மாள். சீம்பால் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதால் அதில் ஒரு பிடி அரிசி. கிண்ணத்தைப் பாஞ்சாலி வீட்டுப் படியில் வைத்துவிட்டு, டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. கௌரி தலையை உள்ளே விட்டுக் குடிக்கிற சத்தம்தான் கேட்டது.

மமதா இறங்கி வந்து ரத்தினம்மாளிடம் விசாரித்தார். விஷயம் புரிந்ததும் முகம் சிறுத்துவிட்டது. “ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றார் பாஞ்சாலியிடம்.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. முகேஷ் தொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஒரு நாள் தொட்டி நிறைந்தால் போதுமா என்று அவன் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது கேட்டது. பாஞ்சாலி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். டப்பாக்களோடு நின்ற பெண்களைப் பார்த்து, எங்கள் சந்து அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்:

“நாளைக்கும் வோணும். குடுங்க.”