அம்பயர் சாய்ந்த கம்பி வலை

கர்ர்... கொர்ர்... கர்ர்...

எண்ணெய் காய்ந்து கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவில் எங்கோ தூரத்தில் ஒரு ஆள் இங்கிலீஷில் "தர்ட்டி ஃபார்ட்டி" என்கிறார். கூடவே நனைந்த துருக்கம்பி வாசனை... பக்கத்து ஸ்டோரில் காயும் ஏலக்காய் வாசனை.

டென்னிஸ் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பந்து இல்லை, ராக்கெட் இல்லை.

எழுபதுகளின் நடுவில் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஸ்கூலில் எனக்கு முதல் வேலை. டிஸ்பென்சரி நர்ஸ் கிரேஸ் அக்கா பக்கத்துக் குவார்ட்டர்ஸ். இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆனால் எங்களைச் சேர்த்து வைத்தது ஊரும் இல்லை, சர்ச்சும் இல்லை, டென்னிஸ். மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இந்தப் பைத்தியம் பிடித்த மூன்றாவது ஆள் கிடையாது.

என்னிடம் லில்லி என்று ஒரு பூனை. அக்காவிடம் ஒரு செவலை நாய், பேர் அம்பயர். வெள்ளைக்கார துரை காலத்தில் போட்ட டென்னிஸ் கோர்ட் ஒன்று எஸ்டேட்டில் இருந்தது. எங்கள் காலத்தில் அதில் ஆட ஆளில்லை... சாக்குதான் காயும். நாய் குட்டியாக இருந்தபோதே கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, ஆடுகிற சாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்க்குமாம். அதனால் அந்தப் பேர்.

காலையில் ஸ்கூலுக்குப் போகிற வழியில் எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"லில்லி சாப்பிட்டாளாட்டி?"

"நல்லா சாப்பிட்டாக்கா. பாரிஸ்ல யாரு ஜெயிச்சான்னு போட்டுருக்கானா?"

பேப்பர் பஸ் ஏறி மலைக்கு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அதைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. வெயில் முடியும்போது பாரிஸ், மழை பிடிக்கும்போது லண்டன்... எங்கள் காலண்டரே அதுதான். வருஷக் கடைசியில் அந்த ஆட்டக்காரக் கூட்டம் நம் நாட்டுக்கும் ஆட வரும். அதை மட்டும்தான் ரேடியோவில் நேரடியாகக் கேட்கலாம்.

ஆனால் என் டிரான்சிஸ்டருக்கு மலையில் ஸ்டேஷன் எடுக்காது. அக்காதான் ஒரு செம்புக் கம்பியை ஏரியலில் சுற்றி, மறுமுனையைக் கோர்ட்டைச் சுற்றி அடித்திருந்த கம்பி வலையில் கட்டினாள். அம்மாடி! பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டது.

ஒரே தொல்லை அம்பயர். நாங்கள் ரேடியோ போட்டால் போதும், வந்து வலையில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிடும். சாய்ந்தால் போச்சு... ஸ்டேஷன் போய் ரேடியோ முழுக்கக் கொர்ர்ர்.

"எந்திரி மூதி, செட் பாயிண்ட்டு!" என்று அக்கா கத்துவாள். அது வாலை ஆட்டும். வால் வலையில் பட்டு இன்னும் கொஞ்சம் கொர்ர்ர்.

அந்த வருஷம் நம்ம நாட்டுப் பையன் ஒருத்தன் ஃபைனலுக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "இன்னைக்கு ஒரு பாயிண்ட்டக் கூட விட முடியாதுட்டி" என்று அக்கா அம்பயரை டிஸ்பென்சரிக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

மூடுபனி இறங்குகிற காலத்தில் நாயைக் கட்டிப் போடக் கூடாது என்று மலையில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். கட்டாத நாய் ஓடிப் பிழைக்கும். போன மாதம்தான் கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கியிருந்தது. ஆனால் அன்றைக்கு வெயில் பளிச்சென்று அடித்தது, டென்னிஸ் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

கடைசி செட். ஐந்துக்கு ஐந்து. மேட்டிலிருந்து பனி சரசரவென்று இறங்கி, எதிர்ப் பக்கத்து வலையே தெரியாமல் போயிற்று. அதுவரை விடாமல் குரைத்துக்கொண்டிருந்த அம்பயர் ஒரு தடவை வீலென்று கத்தியது. அப்புறம் சத்தமே இல்லை.

"ஏட்டி... நாயி சத்தத்தக் காணுமே."

"கோவத்துல படுத்துருக்கும்க்கா."

"இல்லட்டி. கட்டிப் போட்டுட்டு வந்துட்டேனே, பாவி..."

செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஆளில்லாத கோர்ட்டில் ரேடியோ தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

மரத்தில் அறுந்த கயிறு மட்டும்தான் இருந்தது. அக்கா அந்த முனையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஏலச் செடிகளுக்குள் இறங்கி "அம்பயர்... அம்பயர்..." என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேட்ச் என்ன ஆயிற்று என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை.

லயத்தில் போய் ஆள் கூட்டி வரலாம் என்று கோர்ட் வழியாகத் திரும்பினோம். பனிக்குள் கமென்டரி கேட்கவில்லை.

கொர்ர்ர்... கொர்ர்ர்...

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அமுங்கியது.

"ஏட்டி... சாஞ்சிருக்குட்டி!"

ஆமாம். கழுத்தில் அரைக் கயிறு தொங்க, வலையில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது. காதில் ஒரு கீறல். சிறுத்தை கீறியதா, முள் கீறியதா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அக்கா அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். "மேட்ச் இன்னும் ஓடிக்கிட்டுருக்கும்க்கா. நாயக் கொஞ்சம் நகத்தட்டுமா?"

"வேண்டாம்ட்டி. கெடக்கட்டும்."

பேட்டரி தீருகிற வரைக்கும் அந்தக் கொர்ர்ரையே கேட்டுக்கொண்டிருந்தோம். நம்ம பையன் தோற்றுப்போன சேதி இரண்டு நாள் கழித்து வந்த பேப்பரில்தான் தெரிந்தது. "நல்ல வேள, கேக்கல" என்றாள் அக்கா.

இப்போது நம் டென்னிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பந்து தரையில் படுவதற்குள் ஸ்கோர் வந்து விழுகிறது. நடு நடுவே உங்கள் நாய், பூனை போட்டோக்கள். எனக்கு ரொம்பப் பிடிக்கும், சத்தியமாக. போன வாரம் ஃபைனலைப் பெரிய டிவியில் பார்த்தேன். பந்து ராக்கெட் நரம்பில் பட்டு உரசுவது கூடக் கேட்டது... ஒரு கரகரப்பு கிடையாது.

இருந்தாலும் சத்தம் அவ்வளவு சுத்தமாக வந்தால், பக்கத்தில் யாரும் வந்து சாய்ந்து படுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.