ஒரு வண்டிக்கு ஒரு ஆள்

கோபம் வந்தால் கனகத்துக்குக் குரல் உயராது, இறங்கும். படப்பை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் அவளோடு வண்டி ஓட்டிய ஆண்களுக்கெல்லாம் அது தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஐந்து வருஷம் அவள் ஷேர் ஆட்டோ ஓட்டினாள். புருஷன் தசரதன் அப்போது ஒரு கம்பெனியில் ஒப்பந்த ஆள். கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது முதல் பட்டியலிலேயே அவன் பெயர் இருந்தது. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் கனகம் ஆட்டோவை விற்றுவிட்டு ஒரு லோடு வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் அந்த வண்டிதான் பிழைப்பு. படப்பையில் ராஜசேகர் என்பவரின் பட்டறையில் கார் கதவு ஓரத்தில் பொருத்துகிற ரப்பர் பட்டை தயாராகிறது. அதைப் பெட்டி பெட்டியாக ஏற்றி, ஒரகடத்தில் உள்ள கார் கம்பெனியில் இறக்க வேண்டும். நாளைக்கு மூன்று நடை. போகும்போது அவன் ஓட்டுவான், திரும்பும்போது அவள். பெட்டி இறக்க இரண்டு பேர். சாப்பாடு, சண்டை, மதியத் தூக்கம் எல்லாம் வண்டிக்குள்ளேதான்.

இந்த வருஷம் கோடை தொடங்குகிற நேரத்தில் தசரதனுக்கு குடலிறக்க ஆபரேஷன் ஆயிற்று. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்ததை இரண்டு வருஷமாகக் கைலிக்குள் மறைத்து வைத்திருந்தான். ஒரு நாள் பெட்டியைத் தூக்கும்போது அப்படியே மடங்கி உட்கார்ந்தான். அதற்கப்புறம்தான் கனகத்துக்கே விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே மெதுவான குரலில் அவனைத் திட்டித் தீர்த்தாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது. ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது. இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடிப்படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல். அவர்கள் வீடு மூன்றாவது மாடிக்கும் மேலே, சிமெண்டு ஷீட் போட்ட ஒற்றை அறை. காலை பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல் மாதிரி காயும். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜோதி வந்து கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு இன்னொருத்தர் தன் துணியை அலசுவதைப் பார்க்க முடியாது என்று தசரதன் மறுத்துவிட்டான். கைக்குழந்தைக்காரி, அவளும் எத்தனை நாள்தான் பார்ப்பாள்?

"கட்டில்ல படுத்தா அந்த ஷீட்டத்தான் பாத்துகினு கெடக்கணும்," என்றான். "வண்டில உக்காந்தா ரோட்டையாவது பாக்கலாம். நானும் வரேன் கனகு."

அப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எட்டாம் நாளே இரண்டு பேரும் மறுபடி வண்டி ஏறினார்கள். காலையில் ஒரு தடவை படி இறங்குவான், சாயங்காலம் ஒரு தடவை ஏறுவான். நடுவில் பகல் முழுக்க இடது பக்க சீட்டுதான் அவனுக்குப் படுக்கை. சீட்டைச் சாய்த்து, கால் வைக்க ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஃபிளாஸ்க்கில் கஞ்சி, ஒரு டப்பாவில் மோர், கதவுப் பையில் மாத்திரை. வேகத்தடை வருவதற்கு முன்னால் கனகம் "தடை" என்பாள். அவன் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வான். முதல் மூன்று நாள் அவள் மாட்டுவண்டி வேகத்தில் போனாள். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். மதியம் புளியமரத்து நிழலில் நிறுத்தி, ஜன்னலுக்குத் துண்டைக் கட்டி மறைத்துக் கட்டு மாற்றுவாள். இவ்வளவிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. மூணாவது கியருக்கு மாத்து, கிளட்சில் கால் வைக்காதே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவான். தையல் பிரித்த அன்று, இன்னும் ஒரு வார்த்தை பேசினால் வாய்க்கும் தையல் போட வேண்டியிருக்கும் என்றாள். அவன் சிரித்துவிட்டு, வலி தாங்காமல் தலையணையைத் தேடினான்.

வினை வந்தது கம்பெனி கேட்டில். எட்டு வருஷமாக டிரைவர், ஹெல்பர் என்று இரண்டு பேருக்கும் பாஸ் இருந்தது. தசரதனுக்கு ஆபரேஷன் ஆயிற்று, அவனால் பெட்டி தூக்க முடியாது, சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான் என்று கனகம் முதல் நாளே உள்ளதை உள்ளபடி சொன்னாள். உண்மையைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஹேமந்த் என்ற இளவயது அதிகாரி வந்தான். உடம்பு சரியில்லாதவரை உள்ளே விடக் கூடாது என்று தசரதனின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டான். இனிமேல் அந்த வண்டிக்கு ஒரு ஆள்தான். மற்ற ஆள் கேட்டுக்கு வெளியே இறங்கிவிட வேண்டும்.

கேட்டுக்கு வெளியே என்ன இருந்தது? மதில் சுவர், அதற்கு முன்னால் நாலு வழிச் சாலை, இரண்டுக்கும் நடுவில் கருங்கல் விளிம்பு வைத்த ஒடுக்கமான நடைபாதை. மரம் கிடையாது. பார்வையாளர்களுக்கு ஏசி போட்ட அறை ஒன்று கேட்டை ஒட்டியே இருந்தது. லோடு வண்டிக்காரர்கள் பார்வையாளர்கள் இல்லையாம். மதில் சுவரில் பெரிய பலகை. பாதுகாப்பே முதலில் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதி, விபத்து இல்லாமல் ஆயிரத்துச் சொச்சம் நாள் கடந்ததாகக் கணக்கும் போட்டிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே, மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வயிற்றில் தலையணையோடு தசரதன் நின்றான். உள்ளே கனகம் தனியாளாக நாற்பது பெட்டி இறக்கினாள். முன்பு இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை, இப்போது ஒரு மணி நேரம் இழுத்தது.

நான்காம் நாள் அவள் வெளியே வந்தபோது அவன் கருங்கல் விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. நிற்க முடியாமல் உட்கார்ந்தானாம்; உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லையாம். வண்டியில் ஏற்றிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டு நனைந்து, ரத்தமும் நீருமாகக் கசிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி இரண்டு தையல் போட்டார்கள். இப்படிப்பட்ட ஆளை வெயிலில் கல்லில் உட்கார வைத்தது யார் என்று நர்சு கேட்டார். கனகம் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். யாரும் உட்கார வைக்கவில்லை. எல்லோரும் ரூல்படிதான் நடந்தார்கள். எட்டு வருஷத்தில் மழை வெள்ளத்தில் ரோடு மூழ்கிய நாளில்கூட, மணிமங்கலம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் நேரத்துக்குச் சரக்கு இறக்கியவர்கள் அவர்கள். அன்றைக்குக் கைகொடுத்துப் பாராட்டிய கம்பெனிக்கு, ஒரு மனுஷன் உட்கார ஒரு இடம் கொடுக்க ரூல் இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலை முதல் நடை. கனகம் வழக்கம்போல கேட்டுக்கு வந்தாள். தடுப்புக் கட்டைக்கு முன்னால் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வழி ஒரு வண்டி அகலம்தான். பின்னால் இரண்டு கண்டெய்னரும் நாலு லோடு வண்டியும் வந்து நின்றன.

காவலுக்கு நின்றவன் இசக்கிதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஐம்பதை நெருங்குகிற ஆள். வண்டி ரிப்பேரா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"ரிப்பேர் இல்லண்ணா," என்றாள் கனகம். குரல் தாழ்ந்துவிட்டிருந்தது. "இவரு இந்த சீட்ல உக்காந்துகினே உள்ள வரணும். இல்லாங்காட்டி நெழல்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு நடந்தா வண்டிய எடுக்கறேன்."

தசரதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் இறங்கிக்கொள்கிறேன், வம்பு வேண்டாம் என்று கதவில் கை வைத்தான். அவன் இறங்கினால் தானும் இறங்கி நடந்துவிடுவேன், வண்டி மட்டும் இங்கே நிற்கும் என்றாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

இசக்கிதுரை பின்னால் நின்ற வண்டிகளை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்குக் கிட்ட வந்து, "நீங்க சொல்லுதது நாயந்தான் தாயி. ஆனா எனக்கே இங்க நாற்காலி கெடையாது. பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டேதான் இருக்கேன்," என்று பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். கெண்டைக்காலில் நரம்பு நீலம் பாரித்து, முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

எட்டு வருஷமாக அந்த கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். அவன் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது கனகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அப்ப ரெண்டு நாற்காலி," என்றாள்.

பத்து நிமிஷத்தில் ஹேமந்த் வந்தான். பின்னால் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, என்ன சமாசாரம் என்று கேட்டு, கேட்ட பிறகு ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஹேமந்த் மரியாதையாகத்தான் பேசினான். உடம்பு சரியில்லாதவருக்கு உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, இந்த ரூலே அவர்கள் நல்லதுக்குத்தான் என்று விளக்கினான்.

கனகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கேட்டுக்கு உள்ள ஒரு ஆளு வுழுந்தா அது ஆக்சிடெண்ட்டு. போர்டுல நம்பரு போயிடும். கேட்டுக்கு வெளிய வுழுந்தா அதுக்கு இன்னா பேரு சார்?"

ஹேமந்த் பலகையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளே கார் பொருத்துகிற லைனில் இருக்கிற கதவு ரப்பர் இன்னும் முக்கால் மணி நேரத்துக்குத்தான் வரும் என்பது அவனுக்கும் தெரியும், கனகத்துக்கும் தெரியும். பத்து நிமிஷம் தாமதமானதற்காக இதே கேட்டில் திட்டு வாங்கியவள் அவள். அவன் ஒதுங்கிப் போய் போன் பேசினான். அடுத்த நிமிஷம் பட்டறைக்காரர் ராஜசேகர் கனகத்தைக் கூப்பிட்டார். தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே என்று கத்தினார், இன்றோடு அவள் வண்டியே வேண்டாம் என்றார். சரி, அப்படியானால் ஆள் அனுப்பிப் பெட்டிகளை இங்கேயே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அதுவரைக்கும் வண்டி நகராது என்று கனகம் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் தசரதன் இறங்குகிற பேச்சை எடுக்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஊற்றி, முதலில் அவளிடம் நீட்டினான்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கேன்டீனிலிருந்து ஒருவர் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒன்றைக் காவலறையின் கூரை நிழலில் போட்டார்கள், இன்னொன்றைத் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில். கனகம் இறங்கி, தசரதனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்து, தலையணையை மடியில் வைத்தாள். பிறகுதான் சாவியை எடுத்தாள். லைன் நிற்கவில்லை, மயிரிழையில் தப்பியது என்று பிறகு சொன்னார்கள்.

ராஜசேகர் நாலு நாள் முறைத்துக்கொண்டு முதல் நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த டிரைவர் இரண்டு தடவை தாமதமாக வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் கனகத்துக்கே போன் செய்தார். தசரதன் தேறினான். ஒவ்வொரு நடைக்கும் அந்த நிழலில் உட்கார்ந்து, போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் தன் ஆபரேஷன் கதையைச் சொன்னான். மூன்று மாதம் முடிந்து, டாக்டர் சான்றிதழ் கொடுத்த பிறகு பாஸ் திரும்ப வந்தது. இப்போது மறுபடியும் பாதி தூரம் அவன் ஓட்டுகிறான். கியரைப் பற்றி இப்போது அவள் பேசுகிறாள்.

ஆனால் இசக்கிதுரையின் நாற்காலி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. இருந்த நாட்களிலும் அவன் கார் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பவனாக, நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் ஆளையும் காணோம், நாற்காலியையும் காணோம். கேட்டை மறித்து நின்ற வண்டியை அப்புறப்படுத்தவில்லை என்று அவனுக்கு மெமோ கொடுத்து, கழிவுச் சாமான் வண்டி மட்டும் வருகிற பின்பக்க கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கேட்டதும் கனகம் படப்பை பஜாரில் ஒரு நாற்காலி வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, பின்பக்க கேட்டுக்கே போனாள். இசக்கிதுரை வெயிலில் நின்றுகொண்டிருந்தான். நாற்காலியைப் பார்த்ததும் பதறி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாம் தாயி. இதுக்கும் ஒரு மெமோ குடுப்பாவ. மூத்தவ காலேஜுல படிக்கா. இன்னும் ரெண்டு வருஷம் நிக்கணும் நான்."

கனகம் அவனை வற்புறுத்தவில்லை. திட்டவும் முடியவில்லை. நாற்காலியை மறுபடி வண்டியில் ஏற்றினாள். திரும்பும் வழியெல்லாம் கியரை வெடுக்கென்று மாற்றிக்கொண்டு வந்தாள். தசரதன்தான் கேட்டான், இன்னா யோசிச்சுகினு வர என்று.

"ஒரு மனுஷன் உக்கார்றதுக்கு யாரு கையெழுத்து போடணும் மாமா? அந்த ஆளு யாருன்னு கேக்கணும். ஹேமந்த் சாருக்கு மேல யாரு கீறாங்களோ, அவுங்க கிட்டயே கேக்கணும்."

மறுநாள் இரண்டாவது நடை முடிந்ததும் தசரதனை வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, அந்த ஏசி போட்ட பார்வையாளர் அறைக்குள் நுழைந்தாள். பதிவேட்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் மேனேஜர் என்றும், எதற்காக என்ற இடத்தில் நாற்காலி என்றும் எழுதினாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, நேரமாகும் பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு கனகம் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.