உப்பு போடாத மழைக்காலம்

நத்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்புதான் வலிக்கும். அருவருப்பெல்லாம் அப்புறம். ஒரு மழைக்காலம் முழுக்கக் குனிந்து குனிந்து பொறுக்கிய இடுப்பு. ஓட்டோடு வருகிற நத்தையாக இருந்தால் பார்க்கவாவது லட்சணமாக இருக்கும். திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஓடில்லாத ரகம். கறுப்பாக, கட்டைவிரல் தண்டிக்கு, தொட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது போன வழியெல்லாம் தரையில் பளபளவென்று கோடு.

அந்த இடம் முன்பு நெல் வயல். மனை பிரித்தபோது அப்பா ஒன்றை வாங்கி இரண்டு அறை கட்டியிருந்தார். சுற்றிலும் காலி மனை, முழங்கால் உயரப் புல். மழை பிடித்துக்கொண்டால் போதும், ஜலதாரை வழியாக, குளியலறைக் கதவுக்கு அடியில், எங்கே சந்து கிடைத்தாலும் உள்ளே வந்துவிடும். தண்ணீர்க் குடத்தின் மேல் ஒன்று, துடைப்பத்தில் ஒன்று, அப்பாவின் செருப்புக்குள் ஒன்று. வெளியே அம்மா வைத்த கனகாம்பரக் கன்றுகளில் காம்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

“வயலாண்ட ஊட்ட கட்டிக்கினு நத்தை வருதுன்னா? அது நம்மள பாத்து, இன்னாடா என் ஊட்டுல வந்து குந்திக்கினுகீறன்னு கேக்காம போவுதே, அத்த சொல்லு” என்பார் மாமா. அம்மாவின் தம்பி. கரையான்சாவடியிலிருந்து ஞாயிறு தவறாமல் சைக்கிள் மிதித்து வருவார்.

அதற்கு முந்தைய மழைகளில் அம்மாவிடம் இருந்த ஒரே மருந்து கல்லுப்பு. ஒரு சிட்டிகை போட்டால் நத்தை நுரைத்துச் சுருண்டு கரைந்துபோகும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் வேலை முடிந்தது. அந்த உப்பை நான் போடுகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். “பொம்பளப் புள்ள பண்ற வேலையா இது? போ அந்தாண்ட” என்று விரட்டிவிடுவாள். அவள் மட்டும் என்னவாம் என்று எனக்குக் கோபம் வரும்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு வந்தது எதுவும் தங்கவில்லை, இதுவாவது தங்கணும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது. அதனால் வீட்டில் ஒரு கட்டளை பிறந்தது. எந்த உயிரையும் கொல்லக்கூடாது. மாசமாக இருக்கிறவளும் கூடாது, அவள் புருஷனும் கூடாது. எங்கள் ஜனங்களிடம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் பாம்போடும் கோழியோடும் நிறுத்திக்கொள்வார்கள். அம்மா கொசு வரைக்கும் போனாள். கையில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிற கொசுவை அப்பா வாயால் ஊதி அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

உப்பு ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. குழம்புக்கு வேண்டிய உப்பு ஒரு சின்ன டப்பாவில் இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், பொறுக்கும் வேலை. ஒரு கையில் கொட்டாங்கச்சி, இன்னொரு கையில் தென்னங்குச்சி. நத்தையை நோகாமல் தள்ளி, கொட்டாங்கச்சியில் ஏற்றி, பெயிண்ட் டப்பாவில் சேர்த்து, எதிரே காலி மனையில் கொண்டுபோய் விட வேண்டும். வயிறு பெரிதாகி அம்மாவால் குனிய முடியாமல் போனதும் வேலை என் தலையிலும் அப்பா தலையிலும் விழுந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து, கண் சிவக்க வருவார் அப்பா. சட்டையைக் கழற்றியதும் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார். காலையில் கொண்டுபோய் விட்டது சாயங்காலம் விளக்கு வைக்கும்போது வாசலில் நிற்கும். சே, என்ன பிழைப்பு என்று எனக்கே அலுத்துப்போனது. பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, நத்தைய வளக்கறீங்களா?” என்று சிரிப்பாள். அப்பா குனிந்தபடியே அடுத்த நத்தையைக் குச்சியால் தள்ளுவார். சிரிக்கவும் தெம்பில்லை.

மாமா ஒரு யோசனை சொன்னார். டப்பாவைத் துணியால் கட்டி சைக்கிளில் மாட்டிக்கொண்டு, போகிற வழியில் ஏரிக்கரையில் விட்டுவிட்டார். “இனிமே பஸ் புடிச்சாத்தான் வரணும்” என்றார். மறுநாளே குடத்தின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு அவரிடம் காட்டினேன். “இது வேற நத்தைமா. அதோட ஒறவுக்காரன், துக்கம் விசாரிக்க வந்துகீறான்” என்றார் கூசாமல்.

அப்படிச் சிரித்தவருக்கே ஒருநாள் பொறுமை போய்விட்டது. பரண்மேல் ஏறி ஜாடியை இறக்கினார். “யக்கா, ஒரு புடி போட்டா மேட்டர் ஓவர். நானா மாசமா கீறேன்? பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து ஜாடியைப் பிடுங்கினாள். மூச்சு வாங்கியது. “டேய், இந்த ஊட்டுல ஒண்ணு செத்துச்சுன்னா அப்பறம் நீ இந்தப் பக்கம் வரவே கூடாது. எனக்கு இது தங்கணும்டா” என்றாள். மாமா ஜாடியைத் திரும்பப் பரண்மேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கொட்டாங்கச்சியை எடுத்தார்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தேன். அம்மா திரும்பி வந்தபோது வயிறு இல்லை, பாப்பாவும் இல்லை. பாப்பா எங்கே என்று கேட்டதற்கு, அப்புறமா வரும் என்றார் அப்பா. எல்லாம் மெதுவாக வருகிற வீடுதானே, சரி என்று இருந்துவிட்டேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். அப்பாவும் கொட்டாங்கச்சியைத் தொடுவதில்லை, நான் ஒருத்தி பொறுக்கித் தீரவில்லை. நத்தைகள் வீட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. சுவரெல்லாம் கோடு.

ஒருநாள் சாயங்காலம் அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். மேடையில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்து உப்பு ஜாடியை இறக்கினாள். கோபம் கிடையாது, அவசரம் கிடையாது. குழம்புக்குப் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை போட்டாள். பிறகு அடுத்ததற்கு. அப்புறம் ஜலதாரைப் பக்கம் போனாள். அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொட்டாங்கச்சி ஒழிந்தது, இனி பள்ளிக்கூடம் போகுமுன் குனிய வேண்டாம்! “ஐ, அம்மா உப்பு போடுதுடோய்!” என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இத்தனை கத்தியும் வேடிக்கை பார்க்கத் தெரியவில்லையே இவளுக்கு என்று நினைத்தேன்.

நான் கையை நீட்டினேன், வழக்கம்போல. போ அந்தாண்ட என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஜாடிக்குள் கைவிட்டு, ஒரு பிடி உப்பை அள்ளி என் கையில் வைத்தாள்.

“போடு” என்றாள். “இனிமே யார் போட்டா இன்னா.”

எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. கொஞ்சம்கூடச் சிந்தாமல், உப்பை மூடிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.