கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்

பைலா அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் குடியிருக்கும் தெருவிலேயே நாலு பேர் திருதிருவென்று முழிப்பார்கள். சங்கம் ஆரம்பிக்கணும், அறக்கட்டளை பதிவு பண்ணணும் என்று வருகிற ஆட்களிடம் முதல் கேள்வியாக "பைலா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. பைலா என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சங்கம் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் சட்டதிட்டம். யார் தலைவர், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், தலைவர் இல்லாவிட்டால் யார் கூட்டுவது, எல்லாம் அதில் இருக்கும். நல்லது செய்யக் கிளம்புகிறவர்களுக்கு இதையெல்லாம் கேட்டாலே எரிச்சல் வரும். "நாங்க சேவைதானே செய்றோம், எங்களுக்கு எதுக்குங்க இது?" என்பார்கள். "சேவை செய்ற இடத்துலதான் சண்டை ஜாஸ்தி. உட்காருங்க" என்பார் அக்கா.

வக்கீலுக்குப் படித்தவர்தான். இரண்டு வருஷம் கோர்ட்டுக்கும் போனார். பாவம், அவருக்குக் குரலே எழும்பாது. நீதிபதி ஒருநாள் "சத்தமாப் பேசும்மா, தூக்கம் வருது" என்றதும் கோர்ட்டே சிரித்தது. அன்றைக்குக் கோட்டைக் கழற்றி மாட்டியவர் மறுபடி அதைத் தொடவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் இரண்டு பெஞ்சும் போட்டு உட்கார்ந்தார். ஆயிற்று இருபத்துநாலு வருஷம். ரத்ததானக் குழு, தெருநாய்க் காப்பகம், பார்வை இல்லாதவர்களின் இசைக்குழு என்று அவர் கைப்பட எழுதிக்கொடுத்த பைலாக்களே இருநூறைத் தாண்டும். "ஊரிலிருக்கிற நல்லவங்க எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க, செருப்பு வைக்க இடமில்லை" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். ஆனால் பெஞ்சைத் துடைத்து வைப்பதும் அவர்தான்.

அந்த இருநூறில் அக்கா உசிராய் வைத்திருந்தது கட்டில் சங்கத்தை. ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றி நடக்கும் வாக்கர், இவற்றை நோயாளி இருக்கிற வீட்டுக்கு இரவல் கொடுப்பது அவர்கள் வேலை. ஆரம்பித்தவர் ஒரு அம்மாள். எல்லோருக்கும் கட்டிலம்மா. அவர் தலைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவர், ஊருக்கு டிரைவர் அண்ணன், செயலாளர். நகராட்சி ஒதுக்கிய பழைய கிடங்கு ஒன்றுதான் அவர்களுக்கு எல்லாமே. பதிவு இருக்கிற வரைக்கும் கிடங்கு. பதிவு போனால் அன்றைக்கே சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

ஒரு காலை வேளையில் டிரைவர் அண்ணன் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். சங்கப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் தலைவர் மினிட் புத்தகத்தோடு பதினைந்து நாளுக்குள் நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

"அவளை வரச் சொல்றாங்க தங்கச்சி" என்றார் அண்ணன்.

அக்கா கடிதத்தை இன்னொரு தரம் படித்தார். கட்டிலம்மா போய் மூன்று வருஷமாகிறதே! அக்காவே இடுகாடு வரைக்கும் போய்வந்தவர்தான்.

"புத்தகத்தைக் கொடுங்கண்ணே."

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யார் வந்தார்கள், என்ன முடிவானது என்று செயலாளர் எழுதி வைப்பதுதான் மினிட் புத்தகம். அக்கா புரட்டினார். அண்ணனுடைய குண்டு குண்டு எழுத்து. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் என்று தலைப்பு, கீழே முதல் பேராகக் கட்டிலம்மாவின் பேர். அடுத்த கூட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இறந்த பிறகு நடந்த பதினோரு கூட்டத்துக்கும் அந்த அம்மாள் தவறாமல் வந்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஏண்ணே இப்படி?"

"முதல் தடவை பழக்கத்துல எழுதிட்டேன். எழுதினதை அடிக்க மனசு வரலை. அடுத்த தடவை எழுதாம விட்டா, அன்னிக்குத்தான் அவ செத்த மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. அப்புறம் எப்படிம்மா விடுறது?"

திட்டத்தான் வாயைத் திறந்தார் அக்கா. திறந்த வாயை மூடிக்கொண்டு புத்தகத்தையும் மூடினார். எப்படித் திட்டுவது? சங்கத்துப் பொறுப்பாளர் பட்டியல் வருஷா வருஷம் அலுவலகத்துக்குப் போவது இவர் கை வழியாக. மூன்று வருஷமும் பட்டியலில் முதல் பேராகக் கட்டிலம்மா இருந்ததை இவர் பார்க்காமலா அனுப்பினார்? பார்த்தார். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், பாவம் அந்த மனுஷர் என்று அனுப்பினார். ஊருக்கெல்லாம் விதி சொல்கிற மகராசி, செத்தவரைத் தலைவராக்கித் தன் கையாலேயே அனுப்பியிருக்கிறார்.

மத்தியானம் சங்கத்துத் தச்சர் ஓடிவந்தார். கட்டில் கால் ஒடிந்தால் ஒட்டித்தருகிற ஆள். "இதுக்கு ஏன் அக்கா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறீங்க? புது நோட்டு வாங்குவோம், அந்தம்மா பேரை விட்டுட்டு எல்லாத்தையும் திருப்பி எழுதுவோம், ஆளுக்கொரு கையெழுத்து. ஒரே நாள் வேலை!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்குக்கூட ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. புது நோட்டு என்றால் தன் தப்பும் சேர்ந்து மறைந்துபோகும். கிடங்கும் நிற்கும்.

"வேணாம். அவர் எழுதினது துக்கத்துல. நாம இப்ப எழுதினா அது மோசடி. மாட்டினா பதிவு போறது இருக்கட்டும், அண்ணன் போலீஸ் ஸ்டேஷன் படியேறணும்."

"அப்ப வேற என்னதான் வழி?"

"கூட்டம் கூட்டணும். தலைவர் இல்லைன்னா துணைத் தலைவர் கூட்டலாம்னு பைலாவுல இருக்கு."

"யாரு துணைத் தலைவர்?"

"நீங்கதான்யா!"

தச்சர் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஒன்பது வருஷமாகத் துணைத் தலைவராக இருந்திருக்கிறார், மனுஷருக்கே தெரியாது. "அன்னிக்கு ஏதோ வடை கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார்.

சாப்பிடும்போது அக்கா வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "சங்கத்துத் தப்பைச் சொல்லு, சரி. உன் பேரை எதுக்கு நீயே இழுத்துவிடுற? நாளைக்கு அந்த அலுவலகத்துல உன் பேச்சை எவன் மதிப்பான்?"

"அந்த மனுஷரை மட்டும் தனியா நிக்க வெச்சா எனக்குத் தூக்கம் வருமா, சொல்லுங்க." வீட்டுக்காரர் இன்னொரு கரண்டிச் சோற்றை அக்காவின் தட்டில் வைத்தார். அது அவர் சம்மதம்.

நாலாம் நாள் கிடங்கில் கூட்டம். அந்த இடத்தில் சாதா நாற்காலி கிடையாது. எல்லோரும் சக்கர நாற்காலியிலும் கட்டில் விளிம்பிலும்தான் உட்காருவார்கள். நிர்வாகக் குழு மொத்தம் ஏழு பேர், நாலு பேர் இருந்தால் கூட்டம் செல்லும். அன்றைக்கு உயிரோடிருக்கிற ஆறு பேரும் வந்திருந்தார்கள். அக்கா பதினோரு கூட்டத்தையும் விரல் விட்டுப் பார்த்திருந்தார். கட்டிலம்மாவைக் கழித்தாலும் பத்துக் கூட்டம் தப்பித்துவிடும். ஒன்று மட்டும் அடிபட்டது. அடைமழையில் மூன்று பேரே வந்த கூட்டம் அது. பாழாய்ப்போன அந்த மூன்று பேர் கூட்டத்தில்தான் கிடங்கை மேலும் ஐந்து வருஷத்துக்குக் கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

"அந்தத் தீர்மானம் செல்லாது. இன்னிக்கு மறுபடி போடணும். ஏன் செல்லாதுன்னும் எழுதணும்" என்றார் அக்கா. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். எழுத வேண்டியவர் அவர்தானே.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஆறு பேரையும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "காலமானார்னு நான் எழுதணுமா தங்கச்சி? வேற யாராவது..."

"நான் எழுதுறேண்ணே" என்று தச்சர் கை நீட்டினார்.

அக்காவும் சரி என்று சொல்லியிருப்பார். பைலாவில் அதற்கும் இடமுண்டு. ஆனால் அண்ணனே தலையாட்டி மறுத்தார். "வேணாம்ப்பா. பொய்யை எழுதின கைதான் இதையும் எழுதணும்." எழுதினார். நம் தலைவி இன்ன தேதியில் காலமானார். அதன்பின் நடந்த கூட்டங்களுக்கு அவர் வந்ததாக எழுதியது செயலாளராகிய என் தவறு. அவர் வரவில்லை. கடைசி இரண்டு வார்த்தையை எழுதும்போது அந்தப் பெரிய உடம்பு குலுங்கிற்று. பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போன ஆள். ஆறு பேர் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். அக்காவும் அழுதார், ஒளிக்கவெல்லாம் இல்லை. அதற்குக் கீழே, இது தெரிந்தும் பட்டியலை அனுப்பியது என் தவறு என்று தன் பேரில் ஒரு கடிதம் எழுதி ஒட்டினார். இடைக்காலத் தலைவராகத் தச்சரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை அவரிடம் சொல்லிவிட்டே செய்தார்கள்.

பதிவு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். அதிகாரி புத்தகத்தை முன்னிருந்து ஒருதரம், பின்னிருந்து ஒருதரம் புரட்டினார். காலியாய்க் கிடந்த பதினோரு கையெழுத்துக் கட்டத்திலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு கையெழுத்துகூட நீங்களா போடலையே, ஏன்?"

"அவ கையெழுத்தை நான் போட முடியுமாங்க?" என்றார் அண்ணன், அந்தக் கேள்வியே புரியாதவர் போல.

அதிகாரி அண்ணனை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்மா? நீங்களே இப்படிப் பண்ணலாமா? இன்னொரு தடவை இந்த மாதிரிப் பட்டியல் வந்தா உங்க கையெழுத்தையே நாங்க ஏத்துக்க மாட்டோம்." நல்ல டோஸ். அக்கா பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி தலைகுனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். திட்டு முடிந்த கையோடு முத்திரை விழுந்தது. பதிவு நின்றது, கிடங்கும் நின்றது. வெளியே வந்ததும் தச்சர் ஒரு விசில் அடித்தார். இடைக்காலத் தலைவர் பொது இடத்தில் விசிலடிக்கக் கூடாது என்று அக்கா அதட்டினார்.

அப்படியே மூவரும் கிடங்குக்குத் திரும்பினால், வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். மாமனாருக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் அனுப்புகிறார்கள், தலைப்பக்கம் தூக்குகிற மாதிரிக் கட்டில் ஒன்று வேண்டும். தச்சர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த மாதிரிக் கட்டில் அத்தனையும் வெளியே போயிருந்தன. "ஒரு வாரம் பொறுக்க முடியுமாம்மா?" என்று கேட்க, அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

அண்ணன் சக்கர நாற்காலி ஒன்றைப் பிடித்தபடி நின்றார். "ஒண்ணு இருக்கு" என்றார். "எங்க வீட்டுல. அவ படுத்திருந்தது. நான் திருப்பிக் கொடுக்கலை."

ஊரெல்லாம் கட்டிலைத் திருப்பிக் கேட்டு வாங்குகிற செயலாளர் மூன்று வருஷமாய்த் தானே ஒன்றை வைத்திருக்கிறார் என்று தச்சர் வேறொரு நாளாயிருந்தால் ஓட்டியிருப்பார். அன்றைக்கு அவர் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அண்ணன் வீட்டின் உள்ளறையில் ஜன்னலோரம் கட்டில் கிடந்தது. விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. தச்சர் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கம் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. அண்ணன் விரிப்பை எடுத்து மடித்தார், மெத்தையைச் சுருட்டினார். கடைசியாகத் தலையணையை எடுத்தவர் அதைக் கீழே வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். கணக்காக விதி பார்க்கிற பெண்ணாயிற்றே என்ற பயம் அந்த முகத்தில் நிஜமாகவே இருந்தது.

"தங்கச்சி, இது சங்கத்துது இல்லம்மா. வீட்டுத் தலகாணி."

"உங்களோடதுதாண்ணே" என்றார் அக்கா. "அதுக்குத் தீர்மானம் ஒண்ணும் வேணாம்."