தீவின் உச்சியில் மூன்று கற்கள்

தொண்ணூறுகளில் நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். சாத்தனூர் அணைக்குள் இருக்கும் ஒரு தீவை, அணையை ஒட்டிய பூங்காவோடு சேர்க்கலாமா என்று பார்த்து எழுதிவர என்னை அனுப்பினார்கள். பரிசல் ஓட்டி வந்தவர் மீன் பிடிக்கும் ராணியம்மா.

"நான் வெறகு பொறுக்கிட்டு வந்துடறேன். பரிசலை மேல இழுத்து கவுத்துப் போட்டுடுங்க சார்" என்றார். சட்டை அழுக்காகிவிடும் என்று நான் அதைச் செய்யவில்லை. தீவைச் சுற்றிப் பார்த்து, 'புதர், பாறை, நீர்க்காகங்கள். வேறொன்றுமில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பினால், காற்றில் பரிசல் நடு அணைக்குப் போயிருந்தது.

முதலைகள் உள்ள தண்ணீர், நீந்தவும் முடியாது. மழை வேறு பிடித்துக்கொண்டது. நீர் ஏற ஏறத் தீவு சுருங்கியது.

ராணியம்மா திட்டவில்லை. உச்சிக்கு அழைத்துப்போய், புல் மூடிய மூன்று கற்களைக் காட்டினார். "இது எங்க அம்மன் சார். அணை கட்டி ஊரு முழுகினப்போ, எவ்ளோ தண்ணி வந்தாலும் ஏறாத எடமா பாத்து எங்கப்பா கொணாந்து வெச்சாரு. இங்க குந்துங்க, ஒண்ணும் ஆவாது."

சாயங்காலம் வேறொரு பரிசல் வரும்வரை அந்தக் கற்களை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இரண்டடி கீழேயே நின்றுவிட்டது.

மறுநாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'கோயில் உள்ளது' என்று எழுதினேன். ஒன்றை மட்டும் ராணியம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முந்தின நாள் தீவைச் சுற்றிப் பார்த்தபோது, அந்த மூன்றில் பெரிய கல்லின் மேல்தான் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸ் கட்டியிருந்தேன்.

இன்றைக்கும் எங்கே போனாலும் குனிந்துதான் கட்டுகிறேன்.